சார்ஜன்ட் பல் துலக்கிய நனோப் பொடி

இந்தப் பக்கத்தில் முதன்முதலாக நனோப் பொடி சுட்டவன் நான்தான். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்றைக்கு எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிற தொலைபேசியின் பற்றரிக்குள் கறுப்பாக ஒரு பூச்சு இருக்கிறதல்லவா, அந்தச் சாதிப் பொடியைக் கெலிஓயாவில், பாண் ரொட்டி போடுகிற போறணை அடுப்பில், விறகு எரித்துச் சுட்டவன் நான். நான் படித்தது நாலாம் வகுப்பு. அந்த நாலாம் வகுப்பிலும் பாதி நாள் மாமாவின் கடையில் மூட்டை தூக்கினேன். படித்தவர்களைவிட நான் கெட்டிக்காரன் என்று சொல்ல வரவில்லை. அவர்களிடம் போறணை இருக்கவில்லை, என்னிடம் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

நான் அக்குறணை முஸ்லிம் பிள்ளை. அங்கே ஒருவன் கடை வைக்காமல் சும்மா இருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எங்கள் வாப்பாவுக்கு எனக்கொரு கடை வைத்துத் தர வசதி இல்லை. சைக்கிளில் பாண் பெட்டியைக் கட்டிக்கொண்டு கெலிஓயாப் பக்கம் வந்தேன். யாருடைய பாணை விற்றேனோ அவருடைய பேக்கரியையே பிறகு வாங்கினேன். கம்பளைப் பாதையில் ஓடுகிற பஸ்காரர்களைக் கேளுங்கள், என் மீன் பணிஸ் வாசம் வந்தால் அவர்கள் கால் தன்பாட்டில் பிரேக்கில் போய் நிற்கும். கலவர காலங்களில் என் கடைக் கண்ணாடி இரண்டு தரம் உடைந்தது. முதல் தரம் என்னைத் தமிழன் என்று நினைத்து உடைத்தார்கள். இரண்டாம் தரம் நான் தமிழன் இல்லை என்று நன்றாகத் தெரிந்துகொண்டு உடைத்தார்கள். இரண்டு தரமும் அடுத்த நாள் விடிய நான் பாண் போட்டேன். உடைத்தவர்களும் வந்து வாங்கினார்கள்.

என் பேக்கரியில் எதுவும் வீணாகாது. கருகிய பாணை மற்றவர்கள் கோழிக்குப் போடுவார்கள். நான் அதை முற்றாகக் கரியாக்கி, இடித்து, சலித்து, உப்பும் கராம்பும் சேர்த்துப் பற்பொடியாக டின்னில் அடைத்து விற்றேன். நல்ல சாமான். நானும் அதில்தான் துலக்கினேன். இந்த வயதிலும் முறுக்கைக் கடித்துத்தான் தின்கிறேன். பின்னால் வந்த வில்லங்கம் முழுவதும் இந்தப் பற்பொடி டின்னில் இருந்துதான் வந்தது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

பேக்கரிக்கு மேலே இருந்த அறையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருத்தி வாடகைக்கு இருந்தாள். பல்கலைக்கழகக் கம்பஸில் இரசாயனத்தில் மேற்படிப்பு. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் வடக்கு ஆட்களுக்கு அறை கொடுக்க இங்கே எல்லோரும் பயந்தார்கள். கொடுத்தால் பொலிசில் பதிய வேண்டும், எந்த நேரமும் வந்து எழுப்பிப் பார்ப்பார்கள், ஏதாவது நடந்தால் வீட்டுக்காரனையும் சேர்த்து ஏற்றுவார்கள். நான் கொடுத்தேன். எங்கள் பகுதிப் பொலிஸ் சார்ஜன்ட் கிழமைக்கொரு தரம் அவளைப் பார்த்துவிட்டுப் போக வருவார். பருத்த மனிதர், நல்ல மனிதர். மாடிப்படி ஏற அவருக்கு மூச்சு வாங்கும். அதனால் கீழேயே நின்று, "நானா, மேலே அந்தப் பிள்ளை இருக்கிறதா?" என்று சிங்களத்தில் கேட்பார். நானா என்றால் எங்கள் ஆட்களில் அண்ணன், என்னை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் "இருக்கிறது" என்பேன். அவர் இரண்டு மீன் பணிஸ் தின்றுவிட்டுப் போவார். நாட்டின் பாதுகாப்பு எங்கள் பேக்கரியில் அப்படித்தான் நடந்தது.

ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளை கீழே இறங்கி வந்து போறணையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது மழை பொய்த்துப்போய் நாடு முழுக்க மின்வெட்டு நடந்த வருடம்.

"நானா, உங்கட போறணை எவ்வளவு சூடு வரும்?"

"அறுநூறு டிகிரி," என்றேன். எங்கிருந்து அந்தக் கணக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தயங்காமல் சொன்னேன்.

அவள் மேலே போய் ஒரு மீற்றரும் நீளமான கம்பியும் கொண்டுவந்தாள். கம்பியை உள்ளே விட்டாள். ஊசி நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. "இருநூற்றி எழுபதுதான் காட்டுது."

"மீற்றர் குளிர்ல இருந்து வந்தீக்கி மகள். கொஞ்சம் பொறுங்க, அதுக்கும் சூடு புடிக்கோணும்."

"மீற்றருக்குச் சூடு பிடிக்கிறதில்லை நானா."

அவளுடைய வேலை என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டேன். லித்தியம் என்று ஓர் உப்பு, மங்கனீசு என்று ஓர் உப்பு, இரண்டையும் தண்ணீரில் கரைத்துச் சிட்ரிக் அசிட் போட்டு மெல்லச் சூடாக்கினால் ஜெலி மாதிரி இறுகும். இன்னும் சூடாக்கினால் அது நுரைத்து மேலே எழும்பும். அந்த நுரையை நொறுக்கி, இன்னும் பெரிய சூட்டில் வைத்து எடுத்தால் கறுப்புப் பொடி. அதுதான் புதுச்சாதிப் பற்றரிக்கு உள்ளே போகிற ஒட்சைட்டு. மணி எவ்வளவு சின்னதோ பற்றரி அவ்வளவு நல்லது. ஒரு மயிரை நீளவாக்கில் ஆயிரம் தரம் கிழித்தால் எவ்வளவு மெல்லிசோ அந்த அளவு. அதுதான் நனோ.

"ஏன் அவ்வளவு சின்னதா வேணும்?" என்றேன்.

"கல்சீனியையும் ஐசிங் சீனியையும் தேத்தண்ணிக்க போட்டா எது கெதியாக் கரையும்? லித்தியம் மணிக்குள்ள போய் வரவேணும். மணி பெரிசெண்டா உள்ள போய் வரவே நேரம் போயிடும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. முதலில் ஜாம், பிறகு ஸ்பஞ்ச் கேக், பிறகு ரஸ்க். நான் முப்பது வருடமாகச் செய்கிற வேலைக்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

கம்பஸில் இதற்கென்று கரண்டில் ஓடுகிற ஓர் உலை இருந்தது. மின்வெட்டில் அது நடுவில் நடுவில் ஆறிப்போகும். ஆறி ஆறிச் சூடேறினால் பொடி பழுது. சுவீடனில் ஒரு கம்பஸ் அவளுக்கு இடம் தரத் தயாராக இருந்தது. அங்குள்ள பேராசிரியர் கேட்டது இரண்டே இரண்டு: அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை, அதன் மணிகளைப் பெரிசாக்கிக் காட்டுகிற ஒரு படம். அந்த மாத முடிவுக்குள் வேண்டும். படம் எடுக்கிற இலத்திரன் நுணுக்குக்காட்டி கொழும்பில் இருந்தது. அதற்கு அவள் ஒரு நாள் பதிந்து வைத்திருந்தாள். லித்தியம் உப்போ அந்தப் பேராசிரியர் முன்பு வந்தபோது கொடுத்த சின்னப் போத்தல்தான். பாதியைக் கம்பஸ் உலை தின்றுவிட்டது. மிச்சம் இரண்டு தரத்துக்குத்தான் காணும். இது தவறினால் சுவீடன் இல்லை. கம்பஸ் உதவிப்பணமும் முடிகிறது. யாழ்ப்பாணம் போகப் பாதையும் இல்லை, போனால் திரும்பி வரவும் வழியில்லை. இவ்வளவையும் அவள் அழாமல் சொன்னாள். அதனால்தான் நான் சரி என்றேன். அழுதிருந்தால் பணிஸ் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

போறணைச் சூடு காணாது என்பதால் அதன் வாயிலேயே பெரிய பூச்சட்டி ஒன்றை வைத்து, சிரட்டைக் கரி நிரப்பி, கொல்லனிடம் வாங்கிய, கையால் சுற்றுகிற விசிறியால் ஊதினோம். சட்டியின் நடுவில் பீங்கான் கோப்பை. ஊசி ஐந்நூறைத் தாண்டியது. "பாத்தீங்களா, சொன்னேனே," என்றேன். அவள் எண்ணைக் குறித்துக்கொண்டாள்.

முதல் தரம் பிழையாகப் போனது. அது என் கையின் பழக்கம். பாண் உள்ளே போனதும் மேலோடு பளபளக்க ஒரு கை தண்ணீர் தெளிப்போம். எந்தப் பாண்காரனும் தெளிப்பான். நுரை அழகாக எழும்பி வருகிறது, என் கை தன்பாட்டில் வாளிக்குப் போய்விட்டது. சர்ரென்று ஆவி. நுரை படுத்துவிட்டது.

"என்ன நானா செய்தனீங்கள்!"

"தண்ணி தெளிச்சாத்தான் மகள் மினுங்கும்."

"ஆர் மினுங்கச் சொன்னது?"

அடுத்த தரம் என்னை வாளிப் பக்கமே விடவில்லை. என் வீட்டுக்காரி வாளியை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் விசிறியைச் சுற்றினேன், பிள்ளை மீற்றரைப் பார்த்தாள். இரண்டாம் தரம் வந்தது பாருங்கள் பொடி! கரியைவிடக் கறுப்பு. ஊதினால் புகை மாதிரி எழும்பும். விரலில் பட்டால் சவர்க்காரத்துக்கும் போகாது. அவள் அதைக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூடியில் இங்கிலீசில் பற்றரி என்று ஏதோ எழுதி ஒட்டி, என் அலுமாரியில் வைத்துவிட்டுக் கம்பஸுக்குப் போனாள்.

அன்றைக்குச் சார்ஜன்ட் வருகிற நாள். எனக்கு யோசனை வந்தது. வடக்குப் பிள்ளை இருக்கிற வீடு, போத்தலில் கறுப்புப் பொடி, இங்கிலீசில் பற்றரி என்று எழுத்து. வடக்குக்கு டோர்ச் பற்றரி கொண்டுபோனாலே பிடித்து அடைக்கிற காலம் அது. பொடியை ஒரு வெற்றுப் பற்பொடி டின்னில் மாற்றினேன். கடையின் மேல்தட்டில் மற்ற டின்களோடு வைத்தேன். அடையாளத்துக்கு அதை மட்டும் கவிழ்த்து வைத்தேன். நூறு டின் நிமிர்ந்திருக்க ஒரு டின் கவிழ்ந்திருந்தால் எனக்குத் தெரியும், வேறு எவனுக்கும் தெரியாது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல யோசனைதான். பிறகு சந்தைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் மேல்தட்டில் எல்லா டின்னும் நிமிர்ந்திருந்தன.

"சார்ஜன் மாத்தயா வந்த," என்றாள் வீட்டுக்காரி, சிங்கள மரியாதை போட்டு. "கன்னம் வீங்கி. பல்லு வலியாம், பாவம். ஒரு டின் குடுத்த."

"எந்த டின்ன?"

"ஒரு டின் கவுந்து கெடந்த. நீங்க ஒரு சாமான ஒழுங்கா வெக்கிறீங்களா? நிமித்தி வெச்ச. பொறகு அது கைக்கு லேசா இருந்த, அதையே குடுத்த."

பிள்ளை கம்பஸால் வந்தாள். நான் சொன்னேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவர் பல்லுத் தீட்டியிருப்பாரோ?" என்று மட்டும் கேட்டாள்.

தீட்டியிருந்தார். நான் நல்ல பற்பொடி மூன்று டின் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலையிலேயே பொலிசுக்குப் போனேன். சார்ஜன்ட் என்னைக் கண்டதும் சிரித்தார். அந்தச் சிரிப்பு முழுக்க இருட்டு. பல் எது, இடைவெளி எது என்று தெரியவில்லை.

"நானா, வலி போய்விட்டது," என்றார். "ஆனால் இது போகவில்லை. காலையில் பெரிய ஐயா வந்து அணிவகுப்பில் என் வாயைப் பார்த்துவிட்டு வெற்றிலை தின்பதாகத் திட்டினார்."

"அந்த டின்னைத் தாருங்கள், இதோ மூன்று டின் தருகிறேன்," என்றேன். "அதில் கராம்பு போட மறந்துவிட்டேன்."

பின்னாலிருந்த இன்ஸ்பெக்டர் எழும்பி வந்தார். "என் சேவையில் பற்பொடியைத் திருப்பிக் கேட்டு வந்த முதல் ஆள் நீதான். அதுவும் ஒன்றுக்கு மூன்று." அவர் டின்னைத் திறந்து மணந்தார். மணம் இல்லை. மணந்த மூக்கு கறுத்தது. மூக்கைத் துடைத்த கை கறுத்தது. அந்தக் கையால் கொன்ஸ்டபிளைக் கூப்பிட்டு டின்னைக் கொடுத்தார். கொன்ஸ்டபிள் தொலைபேசியை எடுத்தார், கதவைத் திறந்தார், காற்சட்டையை இழுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த நிலையத்தில் கறுப்பு விரலடையாளம் படாத பொருள் கிடையாது. அன்று யாரையாவது பிடித்து வந்திருந்தால் மையே தேவைப்பட்டிருக்காது.

அதுதான் நனோ. நான் அங்கேயே மனதுக்குள் பெருமைப்பட்டேன். பொடி வெற்றி என்று கொழும்பு மெசின் சொல்ல முன்பே அந்தப் பொலிஸ் நிலையம் சொல்லிவிட்டது.

என்னைப் பின்னேரம்வரை சுவரோரத்து வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். குண்டுப் பொடியா, போதைப் பொடியா என்று மாறி மாறிக் கேட்டார்கள். பற்பொடி என்றேன். பொலிசுக்குப் பாண் போடுபவன் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள். டின்னை அரக்கு வைத்து மூடி, சோதிக்கச் சொல்லி ஜீப்பில் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

பிள்ளை பேக்கரி வாசலிலேயே காத்திருந்தாள். "இனி என்னைத் தேடித்தான் வருவாங்கள் நானா. நானே போய்ச் சொல்லப்போறன். அது என்ர வேலை, நான் செய்தது."

"யார் செஞ்ச? யார்ட போறண?"

"நானா, இது விளையாட்டில்லை."

"நானும் வெளாடல்ல. யாழ்ப்பாணத்துப் பிள்ள பொடி செஞ்ச எண்டா அது குண்டு. சோனகன் செஞ்ச எண்டா அது கலப்படம். கலப்படத்துக்கு யாரையும் காணாமப்போக்க மாட்டாங்க. நீங்க வாயத் தொறக்கப்படாது."

அவள் பொலிசுக்குப் போகவில்லை. ஆனால் அன்று முதல் என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். தன் பெயரில் செய்யவேண்டிய ஒரே வேலை என் பெயருக்குப் போய்விட்டது என்பது அவளுக்குப் பயத்தைவிடப் பெரிய கோபம். படித்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

கையில் பொடி இல்லையே, பதிந்த நாளை விட்டுக்கொடுப்போம் என்று அவள் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பக்கத்தில் இருந்தவர், "நல்லது, அன்றைக்கு ஓர் அவசரப் பொலிஸ் பொடி வந்திருக்கிறது, அதை வைத்துவிடுகிறோம்," என்றாராம். அவளுடைய நாள், அவளுடைய மெசின், அவளுடைய பொடி. அவள் மட்டும் கெலிஓயாவில். படம் எப்படி வந்தது என்று பிறகு கேட்டாள். "அது வழக்குச் சாமான் மிஸ். நாங்கள் கோர்ட்டில்தான் வாய் திறக்கலாம்," என்றுவிட்டார்கள்.

குண்டு இல்லை என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது. போதைப்பொருளும் இல்லை. ஆனால் பொலிசில் பதிவு விழுந்துவிட்டது, அதை ஏதாவது ஒரு குற்றத்தில் முடிக்க வேண்டும். சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு, பற்பொடி அல்லாத ஒன்றைப் பற்பொடி என்று கொடுத்ததாக என்மேல் வழக்குப் போட்டார்கள். இந்த நாட்டில் ஒரு வழக்கும் அவ்வளவு வேகமாக விசாரணைக்கு வந்ததில்லை. கொழும்பிலிருந்து திரும்பி வந்த டின் இருந்த அறையில் எல்லாம் கறுத்துக்கொண்டு வருகிறது, அதை ஒழித்தால் போதும் என்று இன்ஸ்பெக்டர் ஓடித்திரிந்தாராம்.

எனக்காக வாதாட வந்த லோயர், ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். என்னைப் போலவே சொந்தக் காலில் நின்றவர் என்பதால் பிடித்தேன்.

"முதலாளி, குத்தத்த ஒத்துக்குங்க. அஞ்சு நிமிசத்துல வீட்டுக்குப் போயிரலாம்."

"ஒத்துக்கொண்டா அந்தக் கொழும்பு ஆள் பேசுவாரா?"

"எதுக்குப் பேசணும்? அவரு கூண்டுல ஏற வேண்டிய தேவையே வராதுங்க."

"அப்ப நான் ஒத்துக்கொள்ற இல்ல."

"என்னாங்க இது! பல்லு வெளக்குற பொடிக்கு இம்புட்டு ரோசமா?"

"அவர் பேசோணும். எவ்வளவு சின்ன மணி எண்டு கேக்கோணும். படத்தக் காட்டச் சொல்லோணும். நீங்க கேக்காட்டி நான் கேப்பேன்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வழக்கு நாளில் பிள்ளை பின்வரிசை வாங்கில் வந்து உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். முதலில் சார்ஜன்ட் ஏறினார். பல்லைக் காட்டுங்கள் என்றார் நீதவான். சார்ஜன்ட் காட்டினார். இன்னும் இடுக்குகளில் கோடு கோடாகக் கறுப்பு இருந்தது. "வலி எப்படி?" என்று நீதவான் கேட்டார். "அன்றோடு போனதுதான் ஐயா," என்றார் சார்ஜன்ட், எனக்குச் சார்பாகச் சாட்சி சொன்னது தெரியாமல்.

பிறகு கொழும்பு இரசாயனக்காரர். மெல்லிய மனிதர், கழுத்துப்பட்டி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். வருடக்கணக்காகக் கசிப்புச் சாராயத்தையும் கஞ்சாவையும் சோதித்தவருக்கு இது பெருநாள் போல.

"இது பல்லுக்கு நல்லதா, கெட்டதா?" என்றார் நீதவான்.

"பல்லைப் பற்றி எனக்குத் தெரியாது ஐயா. பற்றரிக்கு மிக நல்லது."

பற்றரி என்ற சொல் விழுந்ததும் அந்த மண்டபம் அடங்கியது. இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் லோயர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழும்பி, "அந்த மணிகள் எவ்வளவு சின்னது?" என்று கேட்டார். இரசாயனக்காரர் அந்தக் கேள்விக்கே காத்திருந்தவர் மாதிரி உறையிலிருந்து பெரிய படம் ஒன்றை எடுத்தார். அது நீதவானிடம் போய், பரிசோதகரிடம் போய், சார்ஜன்டிடம் போய், கூண்டில் நின்ற என்னிடம் வந்தது. தட்டில் நெருக்கி அடுக்கிய பணிஸ் மாதிரி, ஒரே அளவாக, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு. அவர் ஒரு கணக்குச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. வேறு எதுவும் கலக்காத ஒரேவகைப் பளிங்கு என்றார், தான் இவ்வளவு நுண்ணியதை இங்கே கண்டதில்லை என்றார். நான் பின்வாங்கைப் பார்த்தேன். பிள்ளை வாயைக் கையால் பொத்தியிருந்தாள். கண் மட்டும் படத்தின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பேக்கரியில் எதற்குப் பற்றரிப் பொடி? இதைச் செய்தது யார்?"

பின்வாங்கில் அவள் எழும்ப முழங்காலில் கையை ஊன்றுவது எனக்குத் தெரிந்தது. நான் முந்தினேன்.

"நான்தான் ஐயா! மாவு பிசைகிற மெசின் கரண்ட் போனால் நிற்கிறது. அதை ஓட்ட நானே பற்றரி செய்யப் பார்த்தேன்." பிறகு விளங்கப்படுத்தினேன். லித்தியம் என்பது ஒருவகை ஈஸ்ட். மங்கனீசு மாவு. ஈஸ்ட் மாவுக்குள் போனால் கரண்ட் பொங்கும். பொங்கின கரண்டை மூடி வைத்தால் பற்றரி. மூடாவிட்டால் இடி. மணி சின்னதாக இருந்தால் கரண்ட் மிருதுவாக வரும், பெரிதாக இருந்தால் சொரசொரப்பாக வரும், அதனால்தான் சில வீடுகளில் பல்ப் நடுங்குகிறது. இப்படி நான் சொல்லச் சொல்ல இரசாயனக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மற்ற எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்தார். சிரிக்கிறவன் யாரையும் பிடித்து அடைக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். பாண் விற்றுப் பழகியவனுக்கு அது தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அந்த நேரம் மின்வெட்டு வந்து, நீதவானின் தலைக்கு மேலே சுற்றிய விசிறி மெல்ல நின்றது. அவர் அதை அண்ணாந்து பார்த்து, "செய்து முடித்தால் இங்கேயும் ஒன்று கொண்டுவந்து வை," என்றார்.

குற்றவாளி என்று தீர்ப்பு. சின்னத் தண்டம். மிச்சப் பொடியைப் பரிசோதகர் முன்னிலையில் நெருப்பில் எரித்து அழிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் நான் பிள்ளையிடம், "படம் கெடச்ச, பொடி போச்சு," என்றேன். படத்தின் பிரதி ஒன்று தர இப்போது தடையில்லை என்று இரசாயனக்காரர் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் என்னையே பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, சிரித்தாள்.

"நானா, அது ஒட்சைட்டு. ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்ச சாமான். இனி எரியிறதுக்கு அதில ஒண்டுமில்லை."

"ஒண்டும் ஆகாதா?"

"கடும் சூடு வைச்சா மணி பருத்துப்போகும். உங்கட பாண் சூடு எண்டா ஒண்டும் செய்யாது."

கோர்ட் வளவில் குப்பை எரிக்கிற குழியில் அன்றைக்கென்று தண்ணீர் தேங்கி நின்றது. ஐயா, போறணையைவிட நல்ல நெருப்பு எங்கே, என்றேன் பரிசோதகரிடம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மீன் பணிஸும் சொன்னேன். அவர் வந்தார். பாண் இறக்கின போறணையில் பொடியைப் பீங்கான் தட்டில் பரப்பி உள்ளே தள்ளினேன். முன்னால் பழைய மாவுப் பையைக் கொளுத்திப் போட்டேன், பார்க்க நெருப்பு வேண்டுமல்லவா. மாப்பை எரிந்தது. பரிசோதகர் தின்றார்.

"புகையவே இல்லையே?" என்றார் குனிந்து.

"நல்ல சாமான் புகையாது மாத்தயா."

"இன்னும் கறுப்பாக இருக்கிறதே?"

"அது சாம்பல்."

"சாம்பல் வெள்ளை அல்லவா?"

"கருகின பாணப் பார்த்தில்லையா நீங்க?"

அவர் யோசித்தார். அழிக்கப்பட்டது என்று கையெழுத்து வைத்தார். இன்னும் இரண்டு பணிஸ் சுற்றித் தரச்சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

தட்டு ஆறும்வரை பிள்ளை பக்கத்திலேயே நின்றாள். பிறகு பொடியை ஒரு துளி விடாமல் வழித்து எடுத்தாள்.

"நானா, கோட்டில நீங்கள் சொன்னதில ஒரு வசனம்கூடச் சரியில்லை. ஈஸ்ட்டாம். சொரசொரப்பான கரண்டாம். எனக்கு எழும்பித் திருத்தோணும் போல இருந்தது."

"படம்?"

"படம் சரி."

"பொடி?"

"பொடியும் சரி."

"அப்ப என்ன கொற?"

அவள் போத்தலை இறுக்க மூடினாள். சட்டப்படி அழிந்துபோன பொடியை எடுத்துக்கொண்டு மாத முடிவுக்குள் கொழும்பு போனாள், அங்கிருந்து சுவீடன் போனாள். அந்தப் பொடியில் செய்த பற்றரி பொத்தான் அளவுதானாம், வேலை செய்ததாம்.

ஒருமுறை பேக்கரிக்குத் தொலைபேசி எடுத்தாள். பொடியை முதலில் கழுவி வடித்தபோது அடியில் சூட்டில் சுருண்ட ஒரு வெள்ளை நைலோன் தும்பு கிடந்ததாம், சார்ஜன்டின் பல் தூரிகையில் இருந்து விழுந்தது. சிட்டிகைக் குறட்டால் அதைத் தூக்கி எடுத்தபோது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பேராசிரியர் இது என்ன என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்ன?" என்றேன்.

"பொலிஸ் எண்டு சொன்னன்," என்றாள்.